அட்டை இல்லாதவரும் ஐயம் உள்ளவரும்

பிழைப்பு நாடி வேற்று மாநிலம் செல்வோரின் பிள்ளைகளாலேயே தடுப்பூசித் திட்டம் குறைவுபடுகின்றது என்பது பலருடைய அபிப்பிராயம். கேரளத்தின் அனுபவம் இதற்கு முற்றிலும் இசைவதாயில்லை. 2016-ஆம் ஆண்டில் மலப்புரம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் நோய் பரவிற்று. நோயுற்றவருள் பலர் பத்து வயதைக் கடந்த உள்ளூர்ப் பிள்ளைகள். எழுத்தறிவில் முன்னிற்கும் அம்மாநிலத்திலும், ஊசியைப் பற்றிக் கேட்டறிந்திருந்தும் அதனை ஐயுற்று மறுத்த பெற்றோர் இருந்தனர்.

பெரும்பாவூர் ஒட்டுப்பலகை ஆலைகளை நாடி வந்த வங்காள, அஸ்ஸாம், ஒடிசாக் குடும்பங்களின் இளைஞர் நிலை வேறு. அவருட் பலர்க்கு ஊசியின்மேல் வெறுப்பில்லை. அட்டை சொந்த ஊரில் கிடக்கின்றது. செவிலியர் பேசும் மலையாளம் விளங்குவதில்லை. முகாம் நடைபெறும் வேளையோ கூலி ஈட்டும் வேளை. தேசிய அட்டவணைப்படி 10, 16 வயதுகளில் இடப்பெறும் ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி பெரும்பாலும் பள்ளிகளிலேயே இடப்பெறுகின்றது. பதினான்கில் பள்ளியை விட்டவனுக்கு இரண்டாவது ஊசி எங்ஙனம் கிட்டும்? அவனை அறியாதவன் என்று ஏட்டில் எழுதுவது எளிது, நியாயமாகாது.

இரு சாராருக்கும் பொதுவானதோர் அறியாமை உண்டு. குழந்தைப் பருவத்தில் போட்ட ஊசி ஆயுள் முழுதும் காக்கும் என்பதே அது. அதன் வலிமை ஆண்டுகள் செல்லச் செல்லக் குன்றுகின்றது. ரணஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது. ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. ஆதலின் அயலார் அனைவரும் ஊசி போட்டுக்கொண்டிருப்பினும், ஆணி தைத்த ஒருவனுக்கு அதனால் பயனில்லை. தொண்டை அடைப்பானோ இருமலிலும் தும்மலிலும் பரவுவது. வந்தவர், உள்ளூரார் என்று பாராது.

இளம்பிள்ளை வாத ஒழிப்பில் ஊழியர்கள் செங்கற் சூளைகளுக்கும் இரயில் நிலையங்களுக்கும் தாமே சென்று சொட்டு மருந்து அளித்தனர். 2011 ஜனவரியில் ஹௌராவில் கண்ட நோயாளியே இந்தியாவில் இறுதி. 2014 மார்ச்சு 27-இல் நாட்டிற்கு நற்சான்று கிடைத்தது. ஆனால் அம்முயற்சி ஐந்து வயதிற்குட்பட்டோரை நாடியது. பத்து வயதைக் கடந்தோரை அவ்வாறு தேடிச் சென்றவர் சிலரே.

அட்டை இல்லாதவனை ஊசி பெறாதவனாகக் கொள்வதே தக்கது. அட்டையைக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பினால் அவன் மீண்டும் வரமாட்டான். உள்ளூர் மாணவனுடைய ஐயத்திற்கு ஆசிரியர் கடிந்துகொள்ளாது விடை கூறல் வேண்டும். ஊசி இட்டபின் தரும் சீட்டையும் ஊழியர் கவனித்தல் நன்று. மலையாளத்தில் மட்டும் எழுதிய சீட்டைக் கட்டாக்கில் எவர் படிப்பர்?