ஒரு பழம், நால்வருக்கு



2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை இல்லத்தரசியர் எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு கிலோ தக்காளியின் விலை நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னையில் நியாயவிலைக் கடைகள் வழியாகக் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்க நேர்ந்தது. அதே தக்காளியை, விலை வீழ்ந்த காலங்களில், பறிகூலிக்கும் கட்டாது என்று உழவர்கள் சாலையோரத்தில் கொட்டிச் சென்றதையும் நாம் அறிவோம். இவ்விரு நிலைகளுக்கும் இடையே குடும்பம் நடத்தும் தாய்மாருக்குக் கைகொடுப்பது எது? கத்திதான் என்பேன்.

தக்காளியை வதக்கிக் கரைத்துவிடுவது நம் வழக்கம். அப்பழத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரே. நீர் வற்றியபின் நான்கு பழங்கள் ஒரு கரண்டி விழுதாகச் சுருங்கிவிடும். அதனையே மெல்லிய வட்டங்களாக அரிந்து, பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சேர்த்தால், பெரிய பழம் ஒன்று நால்வர் தட்டிலும் கண்ணுக்குத் தெரியும்.

மழுங்கிய கத்தி தோலில் வழுக்கிப் பழத்தை நசுக்கும். சாறு முழுவதும் பலகைக்கே போய்ச் சேரும். ரொட்டி அறுக்கும் பல்வைத்த கத்தி நல்லது. சாணை பிடித்த அரிவாள்மணையும் அதற்கு இளைத்ததன்று! பழமும் பார்த்து எடுக்கவேண்டும். புளிப்பும் சாறும் மிகுந்த நாட்டுத் தக்காளி ரசத்திற்கு உரியது, அரிந்தால் குழைந்துவிடும். சதைப்பற்றுள்ள பெங்களூர்த் தக்காளியே வட்டம் கலையாமல் நிற்கும். பழுத்தும் கெட்டியாயும் இருக்கும் பருவத்தில், இரண்டு நாணயக் கனத்திற்கு மேற்படாமல் அரியுங்கள்.

ஊத்தப்பத்தில் பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. வில்லைகளுக்கு முன்கூட்டியே உப்பிட்டு வைத்துவிடுகிறார்கள். உப்பு நீரை வெளியே இழுத்துவிடும். அந்த ஈரம் மாவில் இறங்க, நடுப்பகுதி வேகாமல் நிற்கும். மாவில் உள்ள உப்பே போதும். மாவை ஊற்றியவுடன், மேற்புறம் காயுமுன்னர், வில்லைகளைப் பரப்பி இலேசாக அழுத்திவிடுங்கள். சுற்றிலும் எண்ணெய் விட்டு, சிறு தீயில் மூடி வையுங்கள். அடிப்புறம் சிவந்தபின் ஒருமுறை திருப்பி, உடனே எடுத்துவிடலாம்.

தயிர்ப் பச்சடிக்கோ முறை நேர்மாறானது. வில்லைகளில் உப்பைத் தூவி ஐந்து நிமிடம் காத்திருக்கவேண்டும். தட்டில் ஊறி நிற்கும் அந்த நீரை வடித்துக் கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. விதைகளைச் சூழ்ந்த கொழகொழப்பில், சுவைக்குக் காரணமான குளூட்டமிக் அமிலம் சதையைவிட மிகுதி என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வு 2007-இல் கண்டறிந்தது. ஆகவே விதையை நீக்காமல், ஊறிய நீரோடு சேர்த்தே தயிரை ஊற்றுங்கள். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் போதும், வெங்காயம்கூட வேண்டியதில்லை.

அரிந்தபின் எஞ்சும் காம்புப்பக்கத் துண்டும் அடித்துண்டும் வட்டமாய் அமையா. காம்பின் கெட்டிப் பகுதியை மட்டும் களைந்துவிட்டு, மற்றதை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். அன்றிரவு ரசத்திற்கு அது காணும்.