காளையின் இலக்கத்தை எழுதி வைப்போம்



1962இல் அமெரிக்காவில் பிறந்த பிரிசியன் காளை 'சீஃப்'. அதற்கு மகள்மார் 16,000; பேத்திமார் 5 இலட்சம். அந்த வம்சம் தந்த மேலதிகப் பாலின் பெறுமதி 3,000 கோடி டொலர் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஆனால் அதன் இரத்தத்தில் ஒரு குறையும் ஒளிந்திருந்தது. தாய், தகப்பன் இரு வழியாலும் அக்குறை வந்து சேர்ந்த கரு வயிற்றிலேயே அழிந்தது. உலகெங்கும் இப்படி இழந்த கன்றுகள் சுமார் 5 இலட்சம் எனக் கணக்கிட்டுள்ளனர். 2011இல்தான் விடயம் வெளிப்பட்டது. மரபணுச் சோதனையோடு பரம்பரைப் பதிவுகளும் இருந்ததால் காளை அடையாளம் காணப்பட்டது. அதற்காக சீஃபின் வம்சத்தை ஒதுக்கவில்லை. குறையைச் சுமக்கும் இரண்டை இணைக்காமல் தவிர்த்தார்கள், பாலைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

நாம்? சினைக்கு ஊசி போடும்போது "எவ்வளவு பால் வரும்?" என்று மட்டும் கேட்கிறோம். எந்தக் காளை என்று கேட்பதில்லை. நாளை மகளுக்கே தகப்பனின் விந்து போனாலும் நமக்குத் தெரியாது. சினை தங்காவிட்டால் மாட்டைக் குறை சொல்லி விற்றுவிடுகிறோம்.

விந்துக் குழாயிலேயே காளையின் இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். அதையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். நல்ல காளையின் பலன் அது செத்த பிறகும் பல தலைமுறைக்கு வரும். ஆனால் கணக்கு வைத்திருப்பவனுக்கே அது முழுமையாகக் கிடைக்கும்.

சிந்திப்போம்.