டயாலிசிஸ் நோயாளிக்கு லிவர் ரிப்போர்ட் ‘நார்மல்’... அதை மட்டும் நம்பலாமா?

வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை டயாலிசிஸ். வீட்டில் எல்லோருக்கும் கிட்னியைப் பற்றியே கவலை. கல்லீரலை யாரும் கண்டுகொள்வதில்லை. ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்கு அதுவே வசதியாகப் போய்விடுகிறது.

ரத்தம் வழியே பரவும் இந்த வைரஸ், பல ஆண்டுகள் சத்தமில்லாமல் கல்லீரலை அரித்து, சிரோசிஸ், புற்றுநோய் வரை கொண்டுபோய்விடும். தடுப்பூசி கிடையாது. கையுறை மாற்றாமல் அடுத்த நோயாளியைத் தொடுவதுபோன்ற சின்ன அலட்சியம்கூட டயாலிசிஸ் மையத்தில் தொற்றைப் பரப்பிவிடலாம்.

சிக்கல் என்னன்னா, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.டி. அளவு டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் பொதுவாகவே குறைவாக இருக்கும். வைரஸ் இருந்தாலும் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வரலாம். அதனால்தான் சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டு அமைப்பான ‘கேடிகோ’, டயாலிசிஸ் தொடங்கும்போதும், பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறையும் ஹெபடைட்டிஸ் சி பரிசோதனை செய்யச் சொல்கிறது.

பாசிட்டிவ் வந்தால்? பதற வேண்டாம். சோபோஸ்புவிர் - வெல்படாஸ்விர் மாத்திரையை டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் தரலாம் என 2019-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதித்தது. வழக்கமாக 12 வாரம்; 100-ல் 90-க்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள். இந்தியாவில் 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனை, மருந்து இரண்டும் இலவசம்.

மருந்து கையில் இருக்கும்போது, டெஸ்ட் எடுக்காததால் ஒருவர் கல்லீரலை இழப்பது நியாயமே இல்லை. அடுத்த பரிசோதனைத் தேதியை ஒவ்வொரு ஃபைலிலும் எழுதிவைக்க வேண்டியது டயாலிசிஸ் மையத்தின் பொறுப்பு. எழுதவில்லையா? கூட வருபவர் தயங்காமல் கேட்டுவிடலாம்: “சிஸ்டர், அப்பாவுக்கு ஹெச்.சி.வி. டெஸ்ட் கடைசியா எப்போ எடுத்தீங்க?”