ரசிகனைக் கலாய்க்க யாருக்கு உரிமை?

ஒரு விஷயத்தின் மேல் பைத்தியமாக இருப்பவனை வைத்து காமெடி பண்ணுவதைப் போல சுலபமான வேலை வேறு கிடையாது. தடித்த கண்ணாடி, சூப்பர் ஹீரோ படம் போட்ட டீ-சர்ட், முப்பது வயதிலும் அம்மா வீட்டு நிலவறையில் குடித்தனம், பெண்களைக் கண்டால் நாக்குக் குழறல். அவ்வளவுதான், கேரக்டர் ரெடி. அமெரிக்க சினிமாவும் டிவியும் இதை வைத்தே பல வருஷம் பிழைப்பு ஓட்டின. அங்கே இவர்களுக்கு 'கீக்' என்று பெயர். ஸ்டார் வார்ஸ், ஸ்டார் டிரெக், காமிக்ஸ், வீடியோ கேம் என்று எதையாவது பிடித்துக்கொண்டு அதன் ஆணிவேர் வரை தோண்டுகிற கூட்டம்.

1986 டிசம்பரில் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் ஒரு நாடகம் வந்தது. ஸ்டார் டிரெக் ரசிகர்கள் மாநாடு. கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் மேடையில் நிற்கிறார். குறிப்பிட்ட ஒரு எபிசோடில் நீங்கள் திறந்த பெட்டகத்தின் பூட்டு எண் என்ன என்று ஒரு ரசிகர் கேட்கிறார். ஷாட்னர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வெடிக்கிறார். அது வெறும் டிவி நாடகம், போய் ஒழுங்காக ஒரு வாழ்க்கையை வாழுங்கள் என்று எல்லாரையும் விளாசுகிறார். சிரிப்பு வருகிறது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்தச் சிரிப்பு முழுக்க வெளியிலிருந்து வருகிறது. மேடையில் நிற்பவன் புத்திசாலி, கீழே உட்கார்ந்திருப்பவன் கோமாளி.

இதையே அந்தக் கோமாளி எழுதினால்? அதுவும் பெரிய ஸ்டுடியோ யாரும் பின்னால் இல்லாமல், கையில் இருப்பதை வைத்து எடுத்தால்? இந்த வகைப் படங்களில் உருப்படியானவை பெரும்பாலும் அப்படித்தான் வந்திருக்கின்றன. ('கேலக்ஸி க்வெஸ்ட்' மாதிரி விதிவிலக்கு உண்டு. 1999ல் ஒரு பெரிய ஸ்டுடியோவே எடுத்த அருமையான படம் அது. விதிவிலக்கை வைத்து விதி எழுத முடியாது.)

முதலில் 'கிளர்க்ஸ்'. கெவின் ஸ்மித் என்கிற பையன் நியூ ஜெர்சியில் லியோனார்டோ என்கிற சிறிய ஊரில் ஒரு பெட்டிக்கடை மாதிரியான கடையில் கல்லாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் 'ஸ்லாக்கர்' படத்தைப் பார்த்துவிட்டு, இது சினிமா என்றால் என்னாலும் எடுக்க முடியும் என்று தோன்றியிருக்கிறது. வான்கூவரில் ஒரு சினிமாப் பள்ளியில் சேர்ந்து, பாதியிலேயே விட்டுவிட்டுத் திரும்பினான். திரும்பி வந்த கட்டணப் பணம், கிரெடிட் கார்டுகள், ஆசை ஆசையாய்ச் சேர்த்த காமிக்ஸ் புத்தகங்களை விற்ற காசு எல்லாம் சேர்த்து 27,575 டாலர். கலர் ஃபிலிமுக்குக் கட்டுப்படியாகவில்லை, கறுப்பு வெள்ளை. பகலில் அதே கடையில் வியாபாரம், இரவு கடை மூடிய பிறகு அதே கடையில் ஷூட்டிங்.

கதையோ பகலில் நடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் வெளியே கும்மிருட்டு. என்ன செய்வது? ஷட்டர் பூட்டில் யாரோ சூயிங்கம் அடைத்துவிட்டார்கள், அதனால் ஷட்டரைத் திறக்க முடியவில்லை என்று கதையிலேயே ஒரு வரி எழுதிவிட்டார்கள். பணம் இல்லாததை மறைக்கப் போட்ட ஒட்டு, படத்தின் மொத்த மனநிலையாகவே மாறிவிட்டது. வெளிச்சம் வராத கடை, வெளியே போக முடியாத இரண்டு பையன்கள்.

அந்தப் படத்தில் ஒரு உரையாடல் உண்டு. 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடாய்' படத்தில் வெடிக்கிற இரண்டாவது டெத் ஸ்டார் பாதிதான் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. அப்படியென்றால் உள்ளே பிளம்பர், கூரை போடுகிறவர் என்று எத்தனையோ காண்ட்ராக்ட் தொழிலாளிகள் இருந்திருப்பார்களே, அவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று ஒருவன் ஆரம்பிக்கிறான். கடைக்கு வந்த ஒரு நிஜமான கூரை வேலைக்காரர் நடுவில் புகுந்து, நானே ஒரு தாதா வீட்டு வேலை வந்தபோது வேண்டாம் என்று ஒதுங்கியவன், யாரிடம் வேலை செய்கிறோம் என்று நாம்தான் யோசிக்க வேண்டும் என்கிறார்.

இதுதான் உள்ளிருந்து வருகிற காமெடி. யாரும் யாரையும் கோமாளியாக்கவில்லை. டெத் ஸ்டார் என்றால் என்னவென்றே தெரியாதவனுக்கும் கூலி வேலை என்றால் என்னவென்று தெரியும். மணிக்கணக்கு சம்பளத்துக்கு நிற்கிற இரண்டு பேர் விண்வெளிப் போரைப் பார்க்கும்போது அவர்கள் கண்ணுக்கு முதலில் தெரிவது கூலிக்காரன்! ஸ்டார் வார்ஸை நூறு தடவை பார்த்தவன் எழுதியிருந்தால்தான் இப்படி ஒரு மூலையில் போய் நிற்க முடியும்.

1994ல் சன்டேன்ஸ் விழாவில் திரையிட்டார்கள், மிராமேக்ஸ் வாங்கியது, பிறகு நடந்தது எல்லாம் சரித்திரம். அமெரிக்காவில் மட்டும் முப்பது லட்சம் டாலருக்கு மேல் வசூல். ஆனால் கடையில் ஷூட்டிங் நடந்த அந்த ராத்திரிகளில் ஒரு தயாரிப்பாளர் உட்கார்ந்திருந்தால் அந்த டெத் ஸ்டார் காட்சிக்குத்தான் முதலில் கத்தரி விழுந்திருக்கும். "இது யாருக்குய்யா புரியும்?" என்று கேட்டிருப்பார்.

அடுத்தது 'ஃப்ரீ என்டர்பிரைஸ்'. ராபர்ட் மேயர் பர்னெட் இயக்கம், மார்க் ஆல்ட்மனோடு சேர்ந்து எழுத்து. முப்பது வயதை நெருங்குகிற இரண்டு ஸ்டார் டிரெக் ரசிகர்கள் தற்செயலாகத் தங்கள் தெய்வத்தைச் சந்திக்கிறார்கள். தெய்வம் வேறு யாருமில்லை, அதே ஷாட்னர், ஷாட்னராகவே! அவரோ 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை இசை நாடகமாக்கி அதில் எல்லா வேஷத்தையும் தானே போடும் கனவில் திரிகிற மனிதர். 1986ல் மேடை மேல் நின்று திட்டியவர், இதில் கீழே இறங்கி வந்து ரசிகர்களைவிடப் பெரிய கிறுக்காக நிற்கிறார். பொம்மை வாங்கக் காசு இருக்கும், மின்சாரக் கட்டணத்துக்கு இருக்காது என்கிற பிழைப்பையும் படம் மறைக்கவில்லை. தன்னைத்தானே கிண்டல் செய்கிறவன் கொஞ்சம் பலமாகவே அடித்துக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது முக்கியமான படத்துக்கு வருவோம். 'ஃபேன்பாய்ஸ்'. எர்னஸ்ட் கிளைன், ஆடம் கோல்ட்பர்க் திரைக்கதை, கைல் நியூமன் இயக்கம். (கிளைன்தான் பின்னால் 2011ல் 'ரெடி பிளேயர் ஒன்' நாவல் எழுதியவர்.) கதை 1998ன் கடைசியில் ஆரம்பிக்கிறது. 'ஃபாண்டம் மெனஸ்' 1999 மே மாதம் வரப்போகிறது. ஒஹாயோவில் சில நண்பர்கள். அவர்களில் ஒருவனுக்குப் புற்றுநோய், மே வரை தாங்க மாட்டான். எனவே வேனை எடுத்துக்கொண்டு நாட்டின் குறுக்கே ஓட்டி, கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் லூகாஸின் ஸ்கைவாக்கர் ராஞ்சுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து, படத்தை முன்கூட்டியே பார்த்துவிடுவது என்று திட்டம்.

2006ல் ஷூட்டிங் முடிந்தது. 2007ல் வர வேண்டிய படம் வரவில்லை. தள்ளிப் போனது, மறுபடி தள்ளிப் போனது. படத்தை வைத்திருந்த வைன்ஸ்டீன் கம்பெனிக்குப் புற்றுநோய் பிடிக்கவில்லை. காமெடிப் படத்தில் சாவு எதற்கு? வேறு ஒரு இயக்குநரை வைத்துச் சில காட்சிகளைப் புதிதாக எடுத்து, நோயே இல்லாத ஒரு வடிவத்தைத் தயார் செய்தார்கள். இந்த வைன்ஸ்டீன் சகோதரர்கள் யார் தெரியுமா? 'கிளர்க்ஸை' வாங்கிய மிராமேக்ஸை அப்போது நடத்தியவர்களேதான்! முடிந்த படத்தை வாங்கும்போது தாராளமாக இருந்த கை, முடியாத படம் கையில் இருந்தபோது சும்மா இருக்கவில்லை.

நோயை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? நாலு வளர்ந்த பையன்கள் ஒரு படத்துக்காகச் சில மாதம் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் அடுத்தவர் இடத்தில் அத்துமீறி நுழைகிறார்கள். அப்போது அவர்கள் வெறும் முட்டாள்கள். மறுபடி அதே பழைய சிரிப்பு, மேடைக்குக் கீழே கோமாளி. சாவு இருந்தால்தான் அந்தப் பயணம் ஒரு கிறுக்குத்தனமான அன்பாகிறது. ஒருவன் சாகும்போது கடைசியாகக் கேட்பது ஒரு சினிமா என்பது சிரிப்பாகவும் இருக்கிறது, தொண்டையை அடைக்கவும் செய்கிறது. அந்த இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதுதான் கதை. ஒன்றை வெட்டினால் இன்னொன்றும் செத்துவிடும்.

விஷயம் ரசிகர்களுக்குத் தெரிந்தபோது பிரளயம். ஹார்வி வைன்ஸ்டீனை டார்த் வேடராக்கி 'டார்த் வைன்ஸ்டீனை நிறுத்து' என்று ஒரு பிரச்சாரம் கிளம்பியது. 2008 மார்ச்சில் அந்தக் கம்பெனியின் 'சூப்பர்ஹீரோ மூவி' வந்தபோது அதைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். கடைசியில் நோய் உள்ள வடிவமே 2009 பிப்ரவரி 6 அன்று, சொற்பத் தியேட்டர்களில், வெளியானது. வசூல் பத்து லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை.

சரி, போராடிக் காப்பாற்றிய படம் அவ்வளவு நல்ல படமா? இல்லை. :) பாதிப் படம் தெரிந்த முகங்களைக் காட்டிக் கைதட்டல் வாங்குவதிலேயே போகிறது. ஷாட்னர் வருகிறார், கேரி ஃபிஷர் வருகிறார், பில்லி டீ வில்லியம்ஸ் வருகிறார், கெவின் ஸ்மித்தே வருகிறார். ஒரு பெயரைச் சொல்வது ஜோக் ஆகாது, எனக்கும் தெரியும் என்று தலையாட்ட வைக்கும், அவ்வளவுதான். டெத் ஸ்டார் கூலிக்காரர்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ஸ்டார் டிரெக் ரசிகர்களை இதுவும் வெளியிலிருந்துதான் கலாய்க்கிறது. அடி வாங்கியவன் தனக்குக் கீழே இன்னொருவனைத் தேடுவது மாதிரி. கிறிஸ்டன் பெல் நடித்த பெண் கேரக்டருக்கு அந்தப் பையன்களைவிட விஷயம் தெரியும், ஆனால் எழுதியவர்களுக்கு அவளை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. இவ்வளவு குறை இருந்தும், அந்த நோயாளிப் பையன் இருக்கிற காட்சிகள் நிற்கின்றன. எதை வெட்டச் சொன்னார்களோ அது மட்டும் நிற்கிறது.

இன்னொரு சிக்கலும் இந்த வகைப் படங்களுக்கு உண்டு. நீங்கள் நேசிக்கிற பொருள் உங்களுடையது இல்லை. 'ஃபேன்பாய்ஸ்' குழுவுக்கு லூகாஸ் தரப்பு ஆசி இருந்தது, ஸ்டார் வார்ஸ் ஒலிகளைக்கூடப் பயன்படுத்த முடிந்தது. எல்லாருக்கும் அந்த யோகம் வாய்க்காது. 2002ல் லூகாஸ்ஃபிலிம் ரசிகர்களின் குறும்படங்களுக்குப் போட்டி ஆரம்பித்தபோது கிண்டல் படங்களும் ஆவணப் படங்களும் மட்டும் வரலாம் என்றது. அந்த உலகத்தில் சீரியஸாகக் கதை சொல்ல 2007 வரை அனுமதி இல்லை. அதாவது கலாய்க்கலாம், கதை சொல்லக்கூடாது. ஸ்டார் டிரெக் பக்கம் 2016ல் வந்த விதிகள் இன்னும் கறார்: ஒரு கதை 15 நிமிடம், இரண்டு பாகமானால் மொத்தம் 30 நிமிடம், திரட்டும் பணம் 50,000 டாலரைத் தாண்டக்கூடாது. ஒரு விதத்தில் கெவின் ஸ்மித் புத்திசாலி. டெத் ஸ்டாரைக் காட்டவே இல்லை. கல்லாவுக்குப் பின்னால் நின்று பேச மட்டும் செய்தார். பேச்சுக்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

2015 நவம்பரில் டெக்சாஸில் புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்த ஒரு ரசிகருக்கு, டிசம்பரில் வரவிருந்த 'ஃபோர்ஸ் அவேகன்ஸ்' படத்தை, முழுதாக முடியாத வடிவத்தில், வீட்டுக்கே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார்கள். இணையத்தில் முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள், டிஸ்னி இறங்கி வந்தது. பார்த்த சில நாட்களில் அவர் இறந்துபோனார். நம்பமுடியாத கதை, ஜனங்கள் ஏற்க மாட்டார்கள் என்று ஒரு கம்பெனி வெட்டப் பார்த்த அதே கதை.

'ஃபேன்பாய்ஸ்' முடிகிற இடம் 1999 மே மாதம், தியேட்டர். நண்பன் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. மற்றவர்கள் அவனுக்காக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். விளக்கு அணைகிறது, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அப்போது ஒருவன் பக்கத்தில் திரும்பி, இந்தப் படம் மொக்கையாக இருந்தால் என்ன செய்வது என்று மெதுவாகக் கேட்கிறான்.