நாயைக் கண்டார், கல்லைக் காணார்

தமிழில் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர் என்று பேச்சு வந்தால், தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரை நாற்பத்தைந்தைக் கடந்தவர்கள் முதலில் சொல்லும் பெயர் ‘என் இனிய இயந்திரா’. சுஜாதா ஆனந்த விகடனில் எழுதியது. பிறகு தூர்தர்ஷனில் தொடராக வந்தது. பெயரைச் சொல்லி வாயை மூடுவதற்குள் கட்சி பிரிந்துவிடும். “ஊரே உட்கார்ந்து பார்த்தது, இதைவிட என்ன வேண்டும்?” என்பது ஒரு கட்சி. “ஊரே உட்கார்ந்து பார்த்தது, இதைவிட என்ன சொல்ல வேண்டும்?” என்பது மறு கட்சி. முன்னது ரசிகர் கட்சி. பின்னது நம் கட்சி. சாட்சி ஒன்று, தீர்ப்பு இரண்டு.

இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேர எனக்கு மனமில்லை. நடுநிலை என்கிற சௌகரியமான ஆசனத்தைத் தேடி அல்ல; இரண்டு கட்சியும் செய்வது ஒரே காரியம் என்பதால். தலைகளை எண்ணுகிறார்கள். ரசிகன் எண்ணி மகிழ்கிறான். சீரிய வாசகன் எண்ணி முகம் சுளிக்கிறான். எண்ணி முடித்த பிறகு இருவருமே படைப்பின் பக்கம் திரும்புவதில்லை. படிப்பது என்ற சிரமத்துக்கு எண்ணிக்கை பதிலியாகிவிட்டது.

முதலில் இந்த எண்ணிக்கையின் யோக்கியதையைப் பார்ப்போம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தனியார் தமிழ் அலைவரிசையாக சன் டிவி வந்தது 1993 ஏப்ரல் 14 அன்று. இடையில் பதினேழு ஆண்டுகளுக்கு மேல், பார்ப்பவனுக்கு இருந்த சுதந்திரம் ஏறக்குறைய ஒன்றே: பெட்டியைப் போடலாம், அல்லது அணைக்கலாம். அணைத்தவர் சிலர். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ பார்த்த கண்கள்தாம் ‘வயலும் வாழ்வும்’ பார்த்தன. இந்தியில் ஓர் அட்சரம் தெரியாமலே ராமாயணத்தையும் (1987–88) மகாபாரதத்தையும் (1988–90) பார்த்தன. ஒரே கிணறு உள்ள ஊரில் எல்லாரும் அந்தக் கிணற்றில்தான் இறைத்தார்கள் என்பது, தண்ணீர் இனிப்பு என்பதற்கும் சாட்சியல்ல, உப்பு என்பதற்கும் சாட்சியல்ல. லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசை வைத்த தென்புறநகர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் ஊருக்கு மட்டும் உரிய மயக்கமல்ல இது. அமெரிக்காவில் ‘ஸ்டார் டிரெக்’ 1966இல் தொடங்கி, பார்ப்போர் போதவில்லை என்ற கணக்கில் 1969இல் நிறுத்தப்பட்டது. 1968இல் ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்துப் போராடியும் மூன்றாவது ஆண்டுக்கு மேல் அது நீளவில்லை. மொத்தம் 79 பகுதிகள். பிறகு அதே 79 பகுதிகளை உள்ளூர் நிலையங்கள் வேறு நேரங்களில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. அப்போதுதான் அது ஒரு தலைமுறையின் மதமாயிற்று. திரைப்படங்களும் புதிய தொடர்களும் அதன் வயிற்றில் பிறந்தன. இரண்டு காலத்துக்கும் இடையில் அந்த 79 பகுதிகளும் புதிதாக எடுக்கப்படவில்லை. மாறியது நேரம், அலைவரிசை. பிரிட்டனில் ‘டாக்டர் ஹூ’ 1963இல் தொடங்கிப் பெரும் புகழ் பெற்றது. அந்தப் புகழ், பி.பி.சி. அதன் அறுபதுகளின் ஒளிநாடாக்களை அழிப்பதைத் தடுக்கவில்லை; நூறுக்குச் சற்றுக் குறைய பகுதிகள் இல்லாமலே போயின. ஆக, தோற்றதாகக் கணக்கெழுதப்பட்டது வாழ்ந்தது. வென்றதாகக் கணக்கெழுதப்பட்டது அழிந்தது. எண்ணிக்கை குழாயைப் பற்றிய செய்தி; தண்ணீரைப் பற்றியது அல்ல.

ரசிகனுக்கு இவ்வளவு போதும். அவன் தன் பிரியத்தை மறைப்பதில்லை. அந்த அளவில் நேர்மையானவன். என் வழக்கு நம்மவர்களோடு.

சுஜாதாவை நம்மவர்கள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள்: ‘திறமை இருந்தது, வியாபாரத்துக்குக் கொடுத்துவிட்டார்.’ இது விமர்சனமல்ல, இரங்கல் குறிப்பு. நூலைத் திறக்காமலே எழுதிவிடலாம் என்பது இதன் தனிச் சிறப்பு. அவர் நமக்கு அந்நியரும் அல்லர். கணையாழியின் கடைசிப் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் எழுதியவர். நம் வாசல் வழியாகவே போய் வந்தவர். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் படித்து, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர். அங்கே மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்குப் பங்குண்டு. தலைகளை எண்ணும் இயந்திரத்தில் கை வைத்த மனிதர், தலைகள் வணங்கும் அதிகாரத்தைப் பற்றி ஒரு கதை எழுதினால், அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆவலாவது நமக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

என்ன இருக்கிறது? இந்த நூற்றாண்டின் இருபதுகளின் தொடக்கத்தில் நடப்பதாகக் கதை. நாட்டை ஆள்பவன் ஜீவா. பெயர்கள் இரண்டெழுத்துக்குள் அடங்க வேண்டும்: நிலா, சிபி, ரவி, மனோ. பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் வீட்டுக்குக் குடிவருகிறவர்களோடு வருகிறது ஜீனோ என்ற இயந்திர நாய். படிக்கிறது, கேலி பேசுகிறது, சிந்திக்கத் தொடங்குகிறது. கடைசியில் தெரிகிறது: ஜீவா என்று ஒரு மனிதன் இல்லை. ஒளியால் ஆன பிம்பம். ஒரு நாடே வணங்கியது வெறும் வெளிச்சத்தை.

பேச்சே இல்லாமல் போனது இதைப் பற்றித்தான். திரையில் தோன்றும் பிம்பமே அரசாக இருக்கும் நாட்டைப் பற்றிய கதை, அரசு தன் கையில் வைத்திருந்த தொலைக்காட்சியில், அரசின் அனுமதியோடு, தொடராக ஒளிபரப்பாயிற்று. இதைவிடக் கூர்மையான முரணை எந்தக் கவிஞன் கற்பித்துவிட முடியும்? ரசிகன் நாயைப் பார்த்தான். நாம் ரசிகனைப் பார்த்தோம். ஜீவாவை யாருமே பார்க்கவில்லை. நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்ற பழமொழி இதற்கென்றே சொல்லி வைத்ததுபோல் இருக்கிறது.

கதை குறித்த ஆண்டுகள் வந்தும் போய்விட்டன. 2012 குஜராத் தேர்தலில் நரேந்திர மோடி முப்பரிமாண ஒளியுருவாக ஒரே நேரத்தில் பல ஊர்களில் பேசினார். 2024 ஜனவரியில், தாம்பரத்தை உள்ளடக்கிய ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியின் உறுப்பினர் டி. ஆர். பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில், 2018இல் மறைந்த கருணாநிதி செயற்கை நுண்ணறிவு சமைத்த உருவமாகத் திரையில் தோன்றி வாழ்த்தினார். அடுத்த மாதம், 2016இல் மறைந்த ஜெயலலிதாவின் குரலை அ.தி.மு.க. இயந்திரத்தின் வழியே பேச வைத்தது. கட்சி பேதமில்லை. சுஜாதா தீர்க்கதரிசி என்று மாலை போட நான் இதைச் சொல்லவில்லை. ஜோசியம் பலித்ததா என்று பார்ப்பதும் தலையெண்ணுவதைப் போன்ற இன்னொரு சோம்பல். பிம்பம் பேசும்போது பேசுவது யார் என்ற கேள்வி தமிழில் கேட்கப்பட்டிருந்தது. அதைத் தொடர்ந்து சிந்திக்க வேண்டிய இடத்தில் நாம் இல்லை. இழப்பு அது.

இனி, நூலின் குறை. அது குறையில்லாதது என்று நான் சொன்னால் ரசிகர் கட்சிக்குச் சந்தா கட்டியவனாவேன். ஜீவா பிம்பம் என்ற கண்டுபிடிப்பைச் சுஜாதா ஒரு திருப்பமாகவே பயன்படுத்துகிறார். மக்கள் ஏன் அந்த வெளிச்சத்தை நேசித்தார்கள்? இல்லை என்று தெரிந்த பிறகு அந்த நேசம் எங்கே போகும்? அங்கே நின்று யோசிக்க வாரப் பத்திரிகையின் வடிவம் இடம் தருவதில்லை. அத்தியாயம் முடியும் இடத்தில் கொக்கி மாட்ட வேண்டும்; கொக்கி மாட்டிய கை கேள்வியை விட்டுவிடுகிறது. கூட்டம் கடைசிவரை கூட்டமாகவே இருக்கிறது. ‘வியாபாரம்’ என்று நம்மவர்கள் வைகிறார்களே, அது படைப்பில் வேலை செய்யும் துல்லியமான இடம் இதுதான். சுட்டிக் காட்டியிருக்கலாம். படித்தால்தான் காட்ட முடியும்.

தொடர்ச்சியாக எழுதப்பட்டது ‘மீண்டும் ஜீனோ’. தலைப்பே கைதட்டலுக்கு மரியாதை. ஓரத்தில் இருந்த நாய் அட்டைக்கு வந்துவிட்டது. இத்தோடு தீர்ந்தது என்று மூடி வைப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். முதல் நூல் கைவிட்ட கேள்வி திரும்பி வருவது இதில்தான். இப்போது அரியணையில் நிலா; ஆனால் ஆள்பவர்கள் பின்னால் இருக்கிறார்கள். ஒளியாலான பொம்மை போய், ரத்தமும் சதையுமான பொம்மை வந்திருக்கிறது. ஜனரஞ்சகத்துக்கு இறங்கிய நூலே சிந்தனையில் ஒரு படி ஏறியிருக்கிறது. புகழ் படைப்பைக் கெடுக்கும் என்ற நம் சூத்திரமும் சரி, புகழே தரம் என்ற அவர்கள் சூத்திரமும் சரி, இந்த ஒரு நூலிடமே உடைகிறது.

உண்மையான சரிவு வேறிடத்தில். 2010இல் ‘எந்திரன்’, 2018இல் ‘2.0’. முதல் படத்தில் சுஜாதாவின் எழுத்து உண்டு; அது வருவதற்கு முன்பே, 2008இல் அவர் காலமானார். அங்கே இயந்திரத்துக்கு உச்ச நட்சத்திரத்தின் முகம். பிம்பத்தை வணங்கும் கூட்டத்தைச் சந்தேகித்த கற்பனை, பிம்பத்தை வணங்க வந்த கூட்டத்துக்கே விருந்தாகிவிட்டது. கட்அவுட்டுக்குப் பாலூற்றும் நாட்டில் ஜீவாவின் கதை முடிந்த விதம் அது. இதையும் வசூல் கணக்கை வைத்தே புகழ்ந்தார்கள், வசூல் கணக்கை வைத்தே திட்டினார்கள்.

ரசிகர் கட்சி மாறாது. மாற வேண்டிய அவசியமும் அதற்கில்லை. நாம் மாறலாம். நாம் பத்திரிகை நடத்துவது ஐந்நூறு பேருக்காக என்பதால் ஐந்நூறு பேர் படிப்பதே உயர்ந்தது என்று ஆகிவிடாது. அதுவும் தலையெண்ணல்தான், சிறிய எண்ணில். இந்த இரண்டு நூல்களையும் வரிவரியாகப் படித்து, பிம்பமும் அதிகாரமும் பற்றி யாராவது எழுதட்டும். கடுமையாகவே எழுதட்டும். ஒரே நிபந்தனை: எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் படித்தார்கள் என்ற வரி அந்தக் கட்டுரையில் வரக்கூடாது.