நாட்டுப் பாடலும் இசைத்தட்டும்

ஆண்டு முடியுந் தறுவாயில், அவ்வாண்டு வெளிவந்த இசைத்தட்டுகளுள் தம் மனங்கவர்ந்தவை எவையென நேயர்களே தேர்ந்து வரிசைப்படுத்தும் வழக்கம் மேனாடுகளிற் பெருகியுள்ளது. அமெரிக்க நாட்டுப் பாடலையும் அதனின்று கிளைத்த ‘போக் றொக்’ இசையையும் விரும்புவோர் இதில் முன்னிற்பர். நம் பழைய மாணவருள்ளும் அத்தகையோர் உளர். மட்டக்களப்பு வாவிக்கரையிற் பிறந்த பாடல்களுள் நுமக்கு உவந்த தட்டு யாதென அவர்களை வினவினால், விடையிறுத்தல் அரிதாகும். பாடல் இல்லாமையன்று, தட்டு இல்லாமையே காரணம்.

அமெரிக்கர் இவ்வளம் பெற்றது தற்செயலாக அன்று. 1933இல் யோன் லோமக்ஸ் என்பாரும் அவர் மைந்தர் அலனும் ஒலிப்பதிவுக் கருவியை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு தென் மாநிலங்களெங்கும் அலைந்தனர். ‘லெட் பெலி’ என்னும் பெரும்பாடகரை அவர்கள் கண்டது லூசியானாவில் ஒரு சிறைச்சாலையில். 1952இல் ஹரி ஸ்மித் 84 பழம்பதிவுகளை ஆறு நெடுந்தட்டுகளாகத் தொகுத்தளித்தார். பொப் டிலனின் முதல் தட்டிலே (1962) உள்ள 13 பாடல்களுள் அவர் தாமே இயற்றியவை இரண்டே. ஏனையவை பிறர் பாடல்களும் பழம்பாடல்களுமாம். 1965இல் அவர் மின்கிற்றாரை ஏந்தி மேடையேறியபோது ரசிகருட் சிலர் கூச்சலிட்டனர். கூச்சலிடுதற்கும் பழையதொன்று செவியில் நிலைத்திருத்தல் வேண்டுமன்றோ!

நம்மிடத்தே வசந்தன், கும்மி, ஊஞ்சல், தாலாட்டு, ஏர்ப்பாட்டு, பொலிப்பாட்டு, முஸ்லிம் மக்களின் கவி எனப் பல உள. தி. சதாசிவ ஐயர் 1940இல் வசந்தன் கவிகளைத் திரட்டி அச்சேற்றினார். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழக’த்தை ஆக்கினார். இவர்கள் சொல்லைக் காத்தனர், நன்றி மறத்தற்கில்லை. ஆயினும் எவ்வடியை எங்கு நீட்டுவது, சூடடிக்கும் மாட்டின் நடைக்கேற்ப எங்ஙனம் இழுப்பது என்பன அச்செழுத்துக்கு எட்டா. களத்தில் இயந்திரம் புகுந்தபின் பொலிப்பாட்டுக்குத் தொழிலுமில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கிக் கல்லடியையும் நாவலடியையும் டச்பாரையும் வாரிச் சென்றபோது, மாந்தரோடு எத்தனை மெட்டுக்கள் போயின என்பதை எண்ணிப் பார்த்தாரிலர்.

ஒலி அழிந்தபின் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இசையை மீட்பது எத்துணை அரிது என்பதைக் கல்லடியார்க்கு நாம் எடுத்துரைத்தல் வேண்டா. இம்மண்ணிலே துயிலும் விபுலானந்த அடிகள், வழக்கொழிந்த யாழின் இயல்பைப் பழம்பாட்டுக்களினின்றும் கணக்கினின்றும் மீட்டெடுக்கப் பல்லாண்டு உழைத்தார். 1947இல் ‘யாழ் நூல்’ அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். அத்தகைய உழைப்பை நம் பேரர் தலையிலும் சுமத்துதல் தகாது. அவருள் ஒரு விபுலானந்தர் தோன்றுவார் என்பதற்கு உறுதி யாது?

நம் அயலவராகிய பறங்கியரைப் பாருங்கள். வயலினோடும் றபானோடும் அவர்கள் போர்த்துக்கேய மொழியிற் பாடும் பாடல்கள் 1998இல் போர்த்துக்கல்லில் இசைத்தட்டாக வெளிவந்தன. பைலாத் தாளத்தோடு தமிழைச் சேர்த்தே நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும் ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் நாடெங்கும் பரவின. பெரியோர் சிலர் இப்பொப் இசையைக் கேட்டு முகஞ்சுளிப்பர். எம் கருத்து அஃதன்று. நம் நாட்டின் ‘போக் றொக்’ இதுவே. ஆனால் அதன் வேராகிய பாடல்களும் உடன் ஒலித்தல் வேண்டும்.

ஆதலின், யூபிலி நிதியை வளைவுக்கும் சிலைக்கும் செலவிடுமுன், ஒரு பகுதியை ஒலிப்பதிவுக்கு ஒதுக்குமாறு பழைய மாணவர் சங்கத்தை வேண்டுகின்றோம். கல்லடியிலேயே விபுலானந்தர் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் உண்டு. அறிந்தோர் துணைக்குக் குறைவில்லை. மாணவர் சட்டைப்பையிலுள்ள தொலைபேசியே லோமக்ஸ் சுமந்த கருவியினும் வல்லது. முதலிற் பக்கவாத்தியமின்றிப் பாடியபடியே பதிக. பாடியவர் பெயர், ஊர், பாடும் சந்தர்ப்பம் ஆகியவற்றைக் குறிக்க. கிற்றார் வாசிக்கும் இளைஞர் பின்னர் அதனை எடுத்து விரும்பியவாறு செய்துகொள்ளட்டும். அதில் நாம் தலையிடல் வேண்டா.

கல்லடிப் பாலத்தடியிற் பாடும் மீனின் ஓசையை 1960களில் அருட்டந்தை லாங் துணையுடன் நம் வானொலியும், 2014இல் பி.பி.சி.யும் ஒலிபரப்பின. மீனுக்கு ஒலிவாங்கி வைத்தனர். வலையிழுப்பவனின் அம்பாப் பாட்டுக்கு நாம் இன்னும் வைத்தபாடில்லை.

முதற் தட்டுக்குப் பொலிப்பாட்டை யாம் முன்மொழிகின்றோம். வசந்தனே முந்த வேண்டும் என்போர் சங்கச் செயலாளருக்கு எழுதுவாராக.