முதலில் விலாசம், பிறகு இலக்கம்

2025 நவம்பர் 28 ஆம் திகதி டித்வா சூறாவளி இலங்கைக் கரையைத் தொட்டது. அதற்கு ஆறு நாட்களுக்கு முன்னரே, நவம்பர் 22 ஆம் திகதி, எமது பிலிமத்தலாவைக்குச் சற்றுக் கீழே பஹல கடுகண்ணாவையில் மலை சரிந்து வீதியோரக் கடையொன்றின் மேல் விழுந்து உயிர்களைக் குடித்தது. பிறகு நடந்தவை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. நாடு முழுவதிலும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி மாவட்டமே அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது.

சில நாட்கள் கழித்து ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்த குடும்பங்களைப் பார்க்கப் போனேன். மரக்கறித் தோட்டம் வைத்துப் பிழைத்த ஒரு தாய் படிவமொன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பாதர், நிரந்தர விலாசம்னு கேட்டிருக்காங்க. எதை எழுதுறது? மண்ணுக்குள்ள போன வீட்டையா, இந்த ஸ்கூலையா?" என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. படிவத்தை வாங்க வந்த அலுவலரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. "வெறுமையாக விட்டால் கணினி ஏற்றுக்கொள்ளாது" என்று மட்டும் சொன்னார். அவர் கெட்டவரல்ல. அவரும் மூன்று நாட்களாக உறங்காதவர் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அதே நாட்களில் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் பாராளுமன்றம் 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை விவாதித்துக்கொண்டிருந்தது. டிசம்பர் 5 ஆம் திகதி அது நிறைவேறியது. வீட்டை இழந்தோருக்கு வீடு கட்ட 50 இலட்சம் ரூபா வரையும், அரச காணி கிடைக்காத இடத்தில் காணி வாங்க 50 இலட்சம் ரூபா வரையும் வழங்கப்படும் என்று ஜனாதிபதி சபையில் அறிவித்தார். அந்த மாதமே 500 பில்லியன் ரூபாவுக்கான குறைநிரப்பு மதிப்பீடும் சபைக்கு வந்து நிறைவேறியது. இவை சிறிய தொகைகள் அல்ல. இவற்றைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமும் அல்ல. என் கேள்வி வேறு. இந்தப் பணம் பதிவேட்டில் உள்ள குடும்பத்துக்குப் போகும். பதிவேட்டில் இல்லாத குடும்பத்துக்கு எப்படிப் போகும்?

கடந்த இரண்டு, மூன்று ஆண்டுகளாக எமது பாராளுமன்ற விவாதங்களைப் படித்து வருபவர்களுக்கு மூன்று சொற்கள் திரும்பத் திரும்பக் கேட்கும். போட்டித்தன்மை, டிஜிட்டல் பொருளாதாரம், அரச சேவையின் வினைத்திறன். 2024 ஜூலையில், அன்றைய அரசாங்கத்தின் காலத்தில், பொருளாதார நிலைமாற்றச் சட்டம் நிறைவேறியது. ஏற்றுமதியை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 40 சதவீதமாக 2030 க்குள் உயர்த்துவது, வறுமையை 2027 க்குள் 15 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது, அரச கடனை 2032 க்குள் 95 சதவீதத்துக்குக் கீழே இறக்குவது என்று இலக்குகள் சட்டத்திலேயே எழுதப்பட்டன. விவசாயத்தை நவீனமயப்படுத்துவதும் அதில் இருக்கிறது. அரசாங்கம் மாறியது. 2025 பெப்ரவரி 17 ஆம் திகதி புதிய அரசாங்கத்தின் முதலாவது வரவு செலவுத் திட்ட உரையில், ஐந்து ஆண்டுகளில் 15 பில்லியன் டொலர் பெறுமதியான டிஜிட்டல் பொருளாதாரம் என்ற இலக்கு வந்தது. கட்சிகள் ஒன்றையொன்று ஏசிக்கொண்டாலும் இந்தச் சொற்களில் மட்டும் ஒற்றுமையாக இருக்கின்றன!

வறுமை பற்றிய இலக்கைச் சற்று நின்று பாருங்கள். உலக வங்கியின் கணிப்பின்படி 2019 இல் ஏறத்தாழ 11 சதவீதமாக இருந்த வறுமை 2024 இல் 24.5 சதவீதமாக இருந்தது. நான்கு பேரில் ஒருவர். இதை 15 ஆகக் குறைப்பதென்றால் ஏழை யார் என்று முதலில் எண்ண வேண்டும். எண்ணுவதற்குப் பெயர் வேண்டும், அடையாள அட்டை வேண்டும், விலாசம் வேண்டும். இடம்பெயர்ந்த கமக்காரன் அந்த எண்ணிக்கையிலிருந்து நழுவி விழுந்தால் அறிக்கையில் வறுமை குறைந்ததாகவே தெரியும்.

எமது மலையக மக்களுக்குப் பதிவேடு என்ற சொல்லே ஒரு பழைய காயம். சுதந்திரம் கிடைத்த அதே 1948 ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அடுத்த ஆண்டில் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. "விண்ணப்பியுங்கள், ஆனால் இத்தனை ஆண்டுகள் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததற்குச் சான்று காட்டுங்கள்" என்றார்கள். மணமானவர் ஏழு ஆண்டுகள், மணமாகாதவர் பத்து ஆண்டுகள். துரையின் தோட்டத்தில் லயத்து அறையில் பிறந்து, அங்கேயே வேலை செய்து, அங்கேயே புதைக்கப்பட்ட மக்களிடம் எந்தக் காகிதம் இருந்திருக்கும்? எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். எஞ்சியோரை 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. கடைசியாக எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

இடையில் என்ன நடந்தது? தோட்டங்கள் அரசுடைமையான எழுபதுகளில் இந்தக் கண்டி, மாத்தளைப் பக்கத்திலிருந்து வேலையும் கூரையும் இழந்த குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் கமம் செய்தன. 1977 இலும் 1983 இலும் வன்செயலுக்கு அஞ்சி இன்னும் பலர் போனார்கள். யுத்தம் அங்கிருந்தும் அவர்களைத் துரத்தியது. மூன்று தலைமுறையில் மூன்று இடப்பெயர்வு. இதைப் படிக்கும் உங்களில் சிலருடைய குடும்ப வரலாறே இதுதான் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு இடத்திலும் அவர்கள் நிலத்தைத் திருத்தினார்கள். ஒவ்வொரு இடத்திலும் உறுதி வேறொருவர் பெயரில் இருந்தது, அல்லது யார் பெயரிலும் இருக்கவில்லை.

காகிதம் இல்லாதவனுக்கு இன்று என்ன நேர்கிறது? நெற்செய்கைக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா உர மானியம் 2024 பெரும்போகத்தில் அறிவிக்கப்பட்டது. கமநல சேவை நிலையத்தில் பதிந்த கமக்காரரின் வங்கிக் கணக்குக்கே அது போனது. குத்தகைக்கு வயல் எடுத்தவன், வாய்ப் பேச்சில் நிலம் எடுத்தவன், அண்ணனின் காணியில் பயிரிட்டவன் ஆகியோரின் பெயர் அங்கே இல்லையென்றால் மானியம் நிலத்துக்குரியவரிடம் போய்ச் சேரும். பயிர் அழிந்தால் நட்டஈட்டுக்கும் கேட்பது அதே பதிவைத்தான். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேர்மிட் பெற்றவர்கள் நிலை சற்றுப் பரவாயில்லை. எனினும் அந்தப் பேர்மிட்டை வைத்துக்கொண்டு வங்கிக்குப் போனால் என்ன மரியாதை கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தகப்பன் மறைந்ததும் மூத்த மகனுக்கே முதலிடம் என்ற அதன் பழைய ஒழுங்கு 2022 இல்தான் திருத்தப்பட்டது. அதுவரை எத்தனை மகள்மார் வயலைவிட்டு இறங்கியிருப்பார்கள்!

அஸ்வெசும கொடுப்பனவை எடுத்துக்கொள்வோம். 2023 இல் அது ஆரம்பமானபோது குடும்பங்களின் விபரங்கள் கணினிக்குள் போயின. 22 அளவுகோல்களைக் கொண்டு ஏழை யார் என்று கணிக்கப்பட்டது. முதலாவது பட்டியல் வந்ததும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. கணினி தவறு செய்தது என்று நான் சொல்லமாட்டேன். அதற்குக் கொடுத்ததை அது கூட்டிக் கழித்தது. கேள்விகளை எழுதியவர்களுக்கு லயத்து அறையின் வாழ்வும் முகாமின் வாழ்வும் எவ்வளவு தெரிந்திருந்தன என்பதே கேட்கப்பட வேண்டியது. உதாரணமாக, லயத்து அறை அங்கே குடியிருக்கும் குடும்பத்தின் சொத்தா, கம்பனியின் சொத்தா? அது மண்ணுக்குள் போனால் வீட்டை இழந்தவர் யார்?

இப்போது டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது. இந்தியாவின் நிதியுதவியுடன் நடக்கும் வேலை அது. ஆகவே இந்தியாவின் அனுபவத்தையும் கேட்டுக்கொள்வது நல்லது. 2017 இல் ஜார்க்கண்ட் மாநிலத்தின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். குடும்ப அட்டை ஆதார் இலக்கத்துடன் இணைக்கப்படாததால் அது நீக்கப்பட்டது, பல மாதங்கள் அரிசி கிடைக்கவில்லை, பசியால் பிள்ளை செத்தாள் என்று தாய் சொன்னார். அதிகாரிகள் மலேரியா என்றார்கள். அட்டை நீக்கப்பட்டதை எவராலும் மறுக்க முடியவில்லை. அதே ஆதார் மூலம் இடையில் கைவைப்போர் இல்லாமல் நேரடியாகப் பணம் பெற்றோர் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதும் உண்மையே. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எமது பாராளுமன்றத்தில் அடிக்கடி புகழப்படும் இன்னொரு நாடு எஸ்தோனியா. அங்கே மின்னணு அடையாள அட்டை 2002 இல் வந்தது. காணிச் சீர்திருத்தச் சட்டமோ 1991 இலேயே வந்துவிட்டது. சோவியத் ஆட்சியில் பறிக்கப்பட்ட நிலங்களைப் பழைய உரிமையாளருக்குத் திருப்பிக் கொடுக்கும் வேலையை அவர்கள் முதலில் தொடங்கினார்கள். எம்மவர்கள் அங்கே போய் அட்டையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள், காணிக் கந்தோரைப் பார்ப்பதில்லை போலும்.

கணினியே வேண்டாம் என்று சொல்லும் நண்பர்கள் எம்மிடையே உண்டு. நான் அவர்களில் ஒருவனல்ல. 2022 இல் எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்காக நின்ற மக்களுக்கு கியூஆர் அட்டை வந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிக்காகப் பதிந்த ஊருக்கே பஸ் ஏறிப் போன காலம் மாறி, 1960 க்குப் பின் பதிந்தவற்றைப் பல பிரதேச செயலகங்களில் கணினியிலிருந்து எடுத்துத் தருகிறார்கள். முல்லைத்தீவில் பதிந்த பிள்ளையின் சான்றிதழைக் கண்டியில் பெறலாம் என்றால், இடம்பெயர்ந்தவனுக்கு அதைவிட நல்ல செய்தி உண்டா? நாங்கள் கேட்பதெல்லாம் இந்த ஒழுங்கைக் காணிக்கும் கொண்டுவாருங்கள் என்பதுதான். குடியிருப்பவர் யார், பயிரிடுபவர் யார் என்று பதியுங்கள். முகாமையும் உறவினர் வீட்டையும் தற்காலிக விலாசமாக ஏற்றுக்கொள்ளுங்கள். இயந்திரம் மறுத்தால் அதை மீறிக் கையெழுத்திடும் அதிகாரத்தைத் தமிழும் தெரிந்த ஒரு மனிதரிடம் கொடுத்து, ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் அவருக்கு ஒரு மேசை போடுங்கள். தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழியாக 1987 இலேயே அரசியலமைப்பில் எழுதப்பட்டுவிட்டது. இது ஒன்றும் சலுகை கேட்பதல்ல.

திருச்சபையும் தன் கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நிவாரணம் கொடுக்கும்போது நாங்களும் பட்டியல் போடுகிறோம். பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம உத்தியோகத்தரின் ஒப்பம் எல்லாம் கேட்கிறோம். கடந்த டிசம்பரில் எமது பட்டியலிலும் சில குடும்பங்கள் விடுபட்டன. நான் கையொப்பமிட்ட பட்டியல் அது. விடுபட்டவர்கள் எல்லோரும் வாடகைக்கோ வாய்ப் பேச்சிலோ குடியிருந்தவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அகுஸ்து சீசரின் குடிக்கணக்குக்காகச் சூசையப்பர் நிறைமாதக் கர்ப்பிணியான மரியன்னையுடன் பெத்லகேமுக்கு நடந்ததை ஒவ்வொரு நத்தாருக்கும் பிரசங்கிக்கிறோம். கணக்கெடுத்தவர்களின் பக்கத்தில் நாங்களும் நிற்கக்கூடும் என்பதை அந்த வாரத்தில்தான் நான் உணர்ந்தேன்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. பட்டியலில் என் பெயர் உண்டா, இல்லையென்றால் காரணம் என்ன, என் விண்ணப்பம் யாரிடம் இருக்கிறது என்று பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் உங்களிடம் விசாரிக்க முடியாது. எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம், அதை எழுதிக்கொள்வது அவருடைய கடமை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் சொல்ல வேண்டும். ஒருவராகப் போவதைவிட முகாமிலிருந்து பத்துக் குடும்பங்கள் தனித்தனிக் கடிதங்களுடன் ஒரே நாளில் போவது நல்லது.

பழைய பேர்மிட், வரிப் பற்றுச்சீட்டு, கமநல சேவை நிலையத்தின் துண்டு, பிள்ளையின் பாடசாலை அனுமதிக் கடிதம், தோட்டத்தின் செக்ரோல் சீட்டு என்று எது எஞ்சியிருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். சேற்றில் நனைந்து ஒட்டிப்போன காகிதமாயினும் நிழலில் உலர்த்தி, படமெடுத்து வையுங்கள். அந்தத் தாயும் நானும் அன்று படிவத்தில் மண்ணுக்குள் போன வீட்டின் விலாசத்தையே எழுதி, அடைப்புக்குள் பாடசாலையின் பெயரைச் சேர்த்தோம். அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே சான்று மகனின் தடுப்பூசி அட்டை. அதில் பழைய விலாசம் இருந்தது. அதையும் பிரதியெடுத்து இணைத்துக் கொடுத்தோம்.